பிள்ளைகளின் விளையாட்டும் நோய் எதிர்ப்பும்: குமரி மாவட்டப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்திலிருந்து என் மேசைக்குச் சீட்டுகள் வரத் தொடங்கும். கணக்கு நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாளில், "சார், பிள்ளைக்குச் சளி பிடிக்கும், மழைக்காலம் முடியும்வரை விளையாட விடவேண்டாம்" என்று எழுதியிருக்கும். நம் மாவட்டத்தில் மழைக்காலம் எப்போது முடிகிறது? ஜூனில் தென்மேற்குப் பருவமழை வருகிறது. அது ஓய்ந்து துணி காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்து டிசம்பர்வரை நிற்கிறது. சீட்டில் உள்ளபடி நடந்தால் பிள்ளை கல்வியாண்டில் பாதிக்குமேல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும்.

கல்குளம் வட்டாரத்தில் 23 வருடங்களாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். சீட்டு எழுதும் தாய்மாரிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொல்வதில் பாதி சரி. உடம்பு தயாராக இல்லாத நேரத்தில் ஓடவிட்டால் கெடுதல் உண்டு. ஆனால் ஓடாமலே வைத்திருப்பது பாதுகாப்பு என்பது தவறு. எந்த நேரத்தில் ஓடலாம், எந்த நேரத்தில் கூடாது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், உடம்புக்குள் என்ன நடக்கிறது

பிள்ளை ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரிலும் நுரையீரலிலும் மண்ணீரலிலும் ஒட்டிக் கிடந்த வெள்ளை அணுக்கள் கழன்று ரத்த ஓட்டத்தில் கலக்கின்றன. அதிகமாகக் கிளம்புபவை இயற்கைக் கொல்லி அணுக்கள். கிருமி புகுந்த செல்லை, அந்தக் கிருமியை முன்பு பார்த்திராவிட்டாலும் தாக்கக்கூடியவை இவை. அவற்றுக்கு அடுத்தபடியாக, டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களில் கொல்லும் வகையைச் சேர்ந்தவை எழுகின்றன.

கடுமையாக ஓடி முடித்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், இந்த அணுக்களின் எண்ணிக்கை ஓடுவதற்கு முன்பு இருந்ததைவிடக் குறைந்திருக்கும். இதைக் கண்டுதான், கடும் பயிற்சி முடிந்ததும் கிருமிக்குச் சன்னல் திறந்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு விடிகாலையில் போய் வள்ளங்களை எண்ணிப் பாருங்கள். முந்தைய நாள் மாலையில் இருந்ததைவிடக் குறைவாக இருக்கும். வள்ளங்கள் மூழ்கிவிட்டன என்று யாராவது சொல்வார்களா? அவை தொழிலுக்குப் போயிருக்கின்றன. அணுக்களின் கதையும் அதுதான். சுண்டெலிகளின் டி செல்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தபோது அவை நுரையீரலுக்கும், குடலில் உள்ள நிணநீர்த் திட்டுகளுக்கும், எலும்பு மஜ்ஜைக்கும் போனது தெரிந்தது. நுரையீரலும் குடலும் கிருமி நுழைகிற வாசல்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காம்பெல், டர்னர் இருவரும் 2018-இல் இந்த விளக்கத்தை விரிவாக முன்வைத்து, சன்னல் கருத்தைக் கேள்விக்கு உள்ளாக்கினார்கள்.

பிள்ளைகளின் உடம்பு இதிலும் தனி. 9, 10 வயதுச் சிறுவர்களையும் வளர்ந்த ஆண்களையும் ஒப்பிட்டுச் செய்த சோதனைகளில், சிறுவர்களின் ரத்தத்தில் அணுக்களின் ஏற்ற இறக்கம் சிறிதாக இருந்தது. பழைய நிலைக்கும் விரைவில் திரும்பியது. பருவ வயதைத் தாண்டத் தாண்ட இது பெரியவர்களின் போக்குக்கு மாறுகிறது. ஆகவே ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் பிளஸ் டூ பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் வைக்கக் கூடாது.

இன்னொரு வேலை தசையில் நடக்கிறது. வேலை செய்யும் தசை இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தை ரத்தத்தில் விடுகிறது. இதே புரதம் நோயின்போது அழற்சியோடு, அதாவது உடம்புக்குள் எழும் வீக்கத்தோடும் எரிச்சலோடும், சேர்ந்து வருவதால் இதற்குக் கெட்ட பெயர் உண்டு. உடற்பயிற்சியில் வரும்போதோ அது அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 போன்றவற்றைத் தூண்டுகிறது. கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழுவினர் 2000-ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்த பிள்ளைகளுக்கு இது முக்கியம். அந்தக் கொழுப்பே நாள்முழுவதும் மெல்லிய அழற்சியைக் கிளப்பிக்கொண்டிருக்கும். எடை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும், தினமும் அசைகிற தசை அதற்கு எதிராக வேலை செய்கிறது.

அளவு மீறினால் என்ன ஆகும்? 1987-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தானில் ஓடியவர்களை டேவிட் நீமன் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். ஓட்டத்துக்கு அடுத்த வாரம் அவர்களில் 12.9 சதவீதம் பேர் சளி, தொண்டைவலி போன்ற தொந்தரவு வந்ததாகச் சொன்னார்கள். பயிற்சி எடுத்தும் அன்று ஓடாதவர்களில் 2.2 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். அவர்கள் வளர்ந்தவர்கள், ஓடியதோ 42 கிலோமீட்டர். நம் பிள்ளை ஒரு மணி நேரம் பந்து உதைப்பதை அதோடு ஒப்பிடவே முடியாது. அணித் தேர்வுப் போட்டிக்காக இரண்டு வேளையும் பயிற்சி எடுக்கும் பிள்ளையின் பெற்றோர்தான் இதை நினைவில் வைக்கவேண்டும்.

படி 1: ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட அசைவு வேண்டும். அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்கவேண்டும். தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் வேலையும் அந்த மூன்று நாளில் வரவேண்டும். 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு, அதே நிறுவனம் 2019-இல் தனியாகச் சொன்னபடி, நாள் முழுவதிலுமாக 180 நிமிடம், அதில் 60 நிமிடம் ஓட்டமும் ஆட்டமுமாக.

ஒரே மூச்சில் 60 நிமிடம் வேண்டியதில்லை, துண்டு துண்டாகவும் சேர்க்கலாம். ஒரு தாளில் ஞாயிறு முதல் சனிவரை எழுதி, பிள்ளை உண்மையில் அசைந்த நிமிடங்களைக் குறித்துவையுங்கள். பள்ளி வேன் வீட்டு வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்குகிறது என்றால் அங்கே பூஜ்யம். உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டார் என்றால் அங்கேயும் பூஜ்யம். அந்த வலியை நான் தனியாக எழுதவேண்டும், இங்கே இடமில்லை.

போதிய வேகத்தில் அசைகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஓடும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடும் வேகம்.

படி 2: இருக்கும் இடத்திலிருந்து ஏற்றுங்கள்

தாளில் தினம் 10 நிமிடம்தான் வருகிறது என்றால் அடுத்த நாளே 60-க்குத் தாவவேண்டாம். தினசரி அளவில் வாரத்துக்கு வாரம் 5, 10 நிமிடம் கூட்டுங்கள். இரண்டரை மாதத்துக்குள் வந்துவிடும். பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் சைக்கிள் பல வீடுகளில் திண்ணையில் பால்பாத்திரம் வைக்கும் இடமாக இருக்கிறது. அதை இறக்கிப் பள்ளிக்கு ஓட்டிப்போனால் போகவர அரைமணி நேரம் கிடைக்கும்.

எந்த விளையாட்டு என்று என்னிடம் கேட்பார்கள். பிள்ளை நாளைக்கும் போக ஆசைப்படுகிற விளையாட்டு எதுவோ அதுவே நல்லது. தூத்தூர், இரயுமன்துறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் கால்பந்தைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. உள்நாட்டில் சிலம்பமும் அடிமுறையும் இருக்கின்றன. அவற்றில் தாழ்ந்து நிற்கும் நிலைகளும் குதித்தலும் எலும்புக்கும் தொடைக்கும் நல்லவை. வீட்டு முற்றத்தில் ஸ்கிப்பிங் கயிறு, பாண்டி, ஒரு கூட்டம் கிடைத்தால் கிளித்தட்டு. பெண்பிள்ளைகளுக்கு 12 வயதோடு விளையாட்டு நின்றுவிடுவது நம் ஊர்ப் பழக்கம். எலும்பு பலம் சேரும் வயது அதுதான் என்பதால் எனக்கு இதில் சமாதானமே கிடையாது.

படி 3: வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள்

நீண்டநேரக் கடும் பயிற்சியில் ரத்தத்தின் சர்க்கரை இறங்கும்போது கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. அது அதிகமாகி நீடித்தால் நோய் எதிர்ப்பை அடக்கும். பயிற்சிக்கு முன்னும் நடுவிலும் மாவுச்சத்து உள்ளே போனால் இந்த ஏற்றம் மட்டுப்படுகிறது. இதற்காக டப்பா மாவு வாங்கவேண்டாம். ஒரு ஏத்தன் பழம் போதும். இரண்டு மட்டிப் பழமும் ஒரு துண்டு கருப்பட்டியும் என்றால் இன்னும் ருசி. விளையாடிவிட்டு வந்ததும் அவித்த மரச்சீனியும் சாளைக் கறியும் கிடைக்கிற வீட்டுப் பிள்ளையின் தட்டில் மாவுச்சத்து, புரதம், மீன்கொழுப்பு மூன்றும் ஒன்றாக வந்துவிடுகின்றன. மீன் சாப்பிடாத வீட்டில் பயறும் முட்டையும், முட்டையும் இல்லையென்றால் பயறும் தயிரும்.

இரும்புச்சத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். ரத்தசோகை உள்ள பிள்ளை ஓடவும் முடியாது, கிருமியை எதிர்க்கவும் முடியாது. பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் வாயில் அடக்கிவைத்து வாழைமூட்டில் துப்புவதை நான் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதால்தான் துப்புகிறார்கள். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். அதன்மேல் உடனே கட்டன் சாயா குடித்தால் இரும்பு உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் கழியட்டும். வருடத்துக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரையும் தவறக் கூடாது.

படி 4: தூக்கத்தை எண்ணுங்கள்

6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம். இரவு ஒன்பதரைக்கு டியூஷன் முடிந்து, சாப்பிட்டு, செல்போன் பார்த்து, பதினொன்றரைக்குப் படுக்கிற பையனை அதிகாலை ஐந்துக்கு மைதானத்துக்கு அனுப்பினால் ஐந்தரை மணி நேரம்தான் மிச்சம். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 164 பெரியவர்களின் மூக்கில் சளிக் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்குமேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. அதிகாலைப் பயிற்சியா, இரவு டியூஷனா என்றால் ஏதாவது ஒன்றை விடுங்கள். இரண்டையும் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

படி 5: மழை, சேறு, குளம்

மழையில் நனைவதால் காய்ச்சல் பிறப்பதில்லை. காய்ச்சலைத் தருவது வைரஸ். அது அதிகமாகப் பரவுவது சன்னலைச் சாத்திவைத்த வகுப்பறையில்தான், திறந்த மைதானத்தில் அல்ல. தூறலில் விளையாடலாம். இடி கேட்டால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும். நனைந்த உடுப்போடு குளிரில் மணிக்கணக்கில் உட்காரவிடாமல் மாற்றுச் சட்டையும் துவர்த்தும் பையில் வைத்து அனுப்புங்கள். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று. ஒரே பாட்டிலைப் பதினோரு பேர் வாய்வைத்துக் குடிப்பது நட்புக்கு நல்லது, தொண்டைக்கு நல்லதல்ல.

மழையைவிட எனக்குப் பயம் தேங்கிய தண்ணீர்மேல்தான். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் வாய்க்கால் நீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அது காலில் உள்ள சிராய்ப்பு வழியாகப் புகும். புண்ணோடு சேற்றில் இறங்கவேண்டாம். இறங்கி வந்த சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், சேற்றில் விளையாடியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அடுத்து, 2024-இல் கேரளத்தில் பிள்ளைகளைத் தாக்கிய மூளை அமீபா. வெதுவெதுப்பான, ஓட்டமில்லாத நன்னீரில் வாழும் அது மூக்கு வழியாக ஏறுகிறது. குடிப்பதால் வராது, உப்புக்கடலிலும் இருக்காது. பாசி பிடித்த குளத்தில் தலைகுப்புறக் குதிப்பதும் அடிமண்ணைக் கலக்கி முங்குவதும் வேண்டவே வேண்டாம். இது அபூர்வமான நோய்தான். ஆனால் வந்தால் பிழைப்பது மிகக் கடினம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

10 வயதிலும் 16 வயதிலும் போடவேண்டிய, டெட்டனஸையும் டிப்தீரியாவையும் தடுக்கும் டிடி தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்றும் பாருங்கள். மைதானத்தில் முழங்கால் உரசாத பிள்ளை இல்லை.

படி 6: நோய் வந்தால் எப்போது நிறுத்துவது, எப்போது திரும்புவது

இந்தப் படிக்கு நான் கொடுத்த விலை பெரிது. பல வருடங்களுக்கு முன் குறுவட்டப் போட்டிக்கு இரண்டு நாள் இருந்தபோது, 1500 மீட்டர் ஓடும் பிளஸ் ஒன் பையன் ஒருவன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்தான். "மக்களே, ஓட முடியுமா?" என்று கேட்டேன். "முடியும் சார்" என்றான். பதினாறு வயதுப் பையனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது; அவனிடம் வேறு பதில் இருக்காது. மூன்றாவது சுற்றின் வளைவில் வேகம் விழுந்தது. வலது கையால் பனியனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே பத்து அடி நடந்தான். பிறகு புல்லில் உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது. மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, பல வாரம் ஓடக்கூடாது என்று அனுப்பினார்கள். முழுக்கக் குணமானான். வைரஸ் காய்ச்சலின்போது சில வேளை இதயத் தசையிலும் அழற்சி வரும் என்பதையும், அந்த நேரத்தில் கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகும் என்பதையும் அன்று அந்த மருத்துவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு கழுத்து. தொந்தரவு கழுத்துக்கு மேலே மட்டும் என்றால், அதாவது மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்றால், மெல்ல விளையாடலாம். பத்து நிமிடத்தில் உடம்பு மோசமாகத் தெரிந்தால் நிறுத்திவிடவேண்டும். கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், நெஞ்சுச் சளி, உடம்புவலி, வயிற்றுப்போக்கு, வாந்தி எதுவாக இருந்தாலும், ஓய்வு. காய்ச்சல் எங்கே இருந்தாலும் ஓய்வு.

மருந்து இல்லாமல் காய்ச்சல் முழுதாக விட்டு ஒரு நாளாவது கழிந்தபிறகு நடை மட்டும். அடுத்த நாள் அரை வேகத்தில் 15 நிமிடம். அதற்கடுத்த நாள் அரைமணி நேரம். காய்ச்சல் மூன்று நாளுக்குமேல் நின்றிருந்தால் முழு வேகத்துக்கு வர ஒரு வாரமாவது எடுத்துக்கொள்கிறேன். இடையில் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும் நேராக மருத்துவரிடம்தான் போகவேண்டும்.

டெங்குவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதில் காய்ச்சல் இறங்கிய அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். பிள்ளை தெளிந்துவிட்டது என்று பந்தைக் கையில் கொடுக்கிற நேரமும் அதுவே. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு கிடப்பது ஆகியவை தெரிந்தால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ உடனே போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரொஃபென், ஆஸ்பிரின் கூடாது. விளையாட்டுக்குத் திரும்பும் நாளை ரத்தத் தட்டணுக்களைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைக்கவேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரை விளையாட்டுக்குக் கால்மணி நேரம் முன் எடுத்து, பத்து நிமிடம் மெல்ல ஓடிச் சூடேற்றிக்கொண்டால் பெரும்பாலும் மற்றவர்களோடு சமமாக ஆடலாம்.

படி 7: அணித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மட்டும்

வாரத்துக்கு ஒரு நாள் முழு ஓய்வு. வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்குமேல் ஒரே விளையாட்டில் பயிற்சி வேண்டாம். 13 வயது என்றால் 13 மணி நேரம். காலையில் படுக்கையிலிருந்து எழுமுன் ஒரு நிமிடம் நாடியை எண்ணி எழுதிவரச் சொல்லுங்கள். வழக்கமாக 62 இருப்பது மூன்று நாளாக 70-ஐத் தாண்டினால், அதோடு பசியும் இல்லை, எரிச்சல், மாதத்தில் இரண்டாவது சளி என்றும் சேர்ந்தால், உடம்பு ஓய்வு கேட்கிறது என்று பொருள். கடும் பயிற்சிக் காலத்தில் உமிழ்நீரில் உள்ள ஐஜிஏ என்ற தற்காப்புப் புரதம் குறைவது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அதை நம்மால் அளக்க முடியாது, நாடியை அளக்கலாம். பெண்பிள்ளைக்கு மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், பயிற்சியில் அப்படித்தான் என்று விடாதீர்கள். சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது பெரிய அடையாளம், மருத்துவரிடம் காட்டவேண்டும்.

சீட்டு வந்தால் இப்போதெல்லாம் நான் அதன் மறுபக்கத்தில் நாலு கேள்வி எழுதித் திருப்பி அனுப்புகிறேன். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? மருந்தில்லாமல் விட்டு எத்தனை நாள் ஆகிறது? நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினான்? காலையில் என்ன சாப்பிட்டான்? பெஞ்சா மைதானமா என்பது பதில் வந்த பிறகுதான். முதல் மூன்றுக்கும் அம்மாவின் கையெழுத்தில் ஒழுங்காகப் பதில் இருக்கும். நாலாவதை மட்டும் வழியில் பையனே நிரப்பியிருப்பான். இட்லி ஆறு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, என் மேசையில் இருக்கும் பழத்தில் ஒன்றை உரித்து அவன் கையில் கொடுப்பேன்.